பயிற்சியும் அவரே, மருத்துவமும் அவரே, சான்றிதழும் அவரே: விளையாட்டுப் பிள்ளைகள் யாரிடம் போய்ச் சொல்வது?

குயிலாப்பாளையத்தில் நல்லா ஓடுற ஒரு பொண்ணு இருக்குன்னு வைத்துக்கொள்வோம். ஆறாம் வகுப்பு முடித்திருக்கிறாள். பக்கத்திலேயே புதுச்சேரி. உப்பளம் இந்திரா காந்தி விளையாட்டரங்கம் கூப்பிடு தூரம் மாதிரிதான். ஆனால் அது தனி யூனியன் பிரதேசம். குயிலாப்பாளையம் வானூர் வட்டம், விழுப்புரம் மாவட்டம். அதனால் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதித் தேர்வு என்றால் அப்பாவோடு பஸ் ஏறி விழுப்புரம் போக வேண்டும். 7, 8, 9, 11 ஆகிய வகுப்புகளில் சேர்கிறவர்களுக்குத்தான் அந்த விடுதிகளில் இடம். தேர்வானால் வேறு ஏதோ ஒரு மாவட்டத்தில் தங்கிப் படிக்க வேண்டும், பயிற்சி எடுக்க வேண்டும். வயசு 12.

அன்றிலிருந்து அவள் எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும், எவ்வளவு ஓட வேண்டும், என்ன சாப்பிட வேண்டும், முட்டி வலிக்கிறது என்று சொன்னால் அது நிஜ வலியா சோம்பேறித்தனமா, பொங்கலுக்கு ஊருக்குப் போகலாமா, அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுப்பதா, கடைசியில் சான்றிதழ் கைக்கு வருமா... இத்தனையும் பெரும்பாலும் ஒரே ஒருவர் கையில். அவர் பெயர் கோச். சார். மாஸ்டர். ஊருக்கு ஊர் பெயர்தான் மாறும்.

அரசு விடுதியாவது பரவாயில்லை. வார்டன் இருக்கிறார், மாவட்ட விளையாட்டு அலுவலர் இருக்கிறார், ஏதோ ஒரு கோப்பு இருக்கிறது. தனியார் அகாடமி என்றால் அதுவும் கிடையாது. மைதானத்தில் ஒரு மூலை, ஒரு விசில், ஒரு ஃபிளெக்ஸ் பேனர், நான்கு பழைய கோப்பைகள். அகாடமி ரெடி. பட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனத்தில் டிப்ளமோ முடித்தவரா, முதலுதவி தெரிந்தவரா என்று யாரும் கேட்பதில்லை.

விளையாட்டுப் பிள்ளைகளின் பாதுகாப்பு என்றதும் நாம் 'நல்ல கோச்சா, கெட்ட கோச்சா' என்றுதான் யோசிக்கிறோம். என் பார்வையில் அது தப்பான கேள்வி. ஒரு குழந்தையின் உடம்பு, சாப்பாடு, படிப்பு, எதிர்காலம் எல்லாவற்றின் சாவியும் ஒரே ஆள் பையில் இருப்பதுதான் பிரச்சினை. அவர் தங்கமான மனிதராகவே இருக்கட்டும். அப்பவும் அது ஆபத்தான ஏற்பாடுதான்.

2021: சென்னை சொன்ன கதை

2021 மே மாதம் நினைவிருக்கிறதா? சென்னையில் ஒரு தனியார் பள்ளி ஆசிரியர் மீதான புகார்கள் இன்ஸ்டாகிராமில் வெடித்த வாரங்கள். அந்த அலையில்தான் தடகளத்திலிருந்தும் ஒரு குரல் வந்தது. பிரைம் ஸ்போர்ட்ஸ் அகாடமி நடத்திவந்த பயிற்சியாளர் பி. நாகராஜன் மீது 19 வயது வீராங்கனை ஒருவர் புகார் கொடுத்தார். பூக்கடை அனைத்து மகளிர் காவல் நிலையம் போக்சோ சட்டத்தில் வழக்குப் பதிந்தது. நாகராஜன் கைதானார். அதன் பிறகு மற்ற வீராங்கனைகளும் புகார் சொல்ல முன்வந்தார்கள்.

வழக்கு நீதிமன்றத்தின் வேலை. நமக்கு முக்கியம், அந்தப் புகாரில் சொல்லப்பட்ட விதம். பயிற்சி முடிந்த பிறகு, தசைப்பிடிப்பைச் சரிசெய்கிறேன், ஃபிசியோதெரபி செய்கிறேன் என்ற பெயரில் தொந்தரவு நடந்தது என்பதுதான் குற்றச்சாட்டு. கொஞ்சம் நின்று யோசியுங்கள். ஓட்டப் பயிற்சி கொடுப்பவர் எதற்கு மசாஜ் செய்ய வேண்டும்? தனி அறையில் எதற்கு? இந்தக் கேள்வி நமக்கு வெளியே நின்று கேட்கும்போது எளிதாகத் தோன்றுகிறது. ஆனால் நம்ம ஊர் மைதானங்களில் ஃபிசியோ என்று தனியாக ஒருவர் எங்கே இருக்கிறார்? கால் சுளுக்கினால் கோச்தான் ஸ்பிரே அடிப்பார், கோச்தான் நீவிவிடுவார், கோச்தான் கட்டுப் போடுவார். அது அன்பாகவும் இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை 14 வயதுப் பிள்ளை தலையில் கட்டியிருக்கிறோம்.

"இவ்வளவு நாள் ஏன் சொல்லலை?" என்று ஒவ்வொரு முறையும் கமென்ட்டில் நான்கு பேர் கேட்பார்கள். அவர்களுக்காகவே அடுத்த பகுதி.

ஒரு சான்றிதழின் விலை

தமிழ்நாட்டில் அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள். நல்ல திட்டங்கள்தான், சந்தேகமே இல்லை. எத்தனையோ குடும்பங்களில் முதல் அரசு வேலை அப்படித்தான் வந்திருக்கிறது.

ஆனால் அந்த வேலைக்கும் அந்த சீட்டுக்கும் வழி ஒரு காகிதம். எந்தப் போட்டி, எந்த நிலை, எந்த இடம் என்று எழுதி, சங்கத்தின் நிர்வாகி கையெழுத்துப் போட்ட படிவம். போட்டிக்குப் பெயர் போனால்தான் படிவம். பெயர் போவது கோச் சொன்னால்தான். விவசாயக் கூலி வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கையெழுத்து என்பது ஒரு வீட்டின் எதிர்காலம். அப்பா கடன் வாங்கி ஸ்பைக்ஸ் வாங்கித் தந்திருப்பார். அம்மா முட்டையை அண்ணனுக்கு வைக்காமல் இவளுக்கு வைத்திருப்பாள். இதெல்லாம் தெரிந்த பிள்ளை, "சார் என்னை அடிக்கிறார்" என்றோ, "சார் தொடுறது எனக்குப் பிடிக்கலை" என்றோ சொன்னால் என்ன ஆகும் என்பதையும் கணக்குப் போட்டுத்தான் வைத்திருக்கும். மௌனம் பயத்தால் மட்டும் வருவதில்லை. அந்தக் கணக்காலும் வருகிறது.

சொன்னால்கூட முதலில் வீட்டில் என்ன பதில் வரும்? "இனிமே கிரவுண்டுக்குப் போகாதே." பெண் பிள்ளை என்றால் இது கிட்டத்தட்ட நிச்சயம். தவறு செய்தவர் மைதானத்திலேயே இருப்பார், வெளியேறுவது பிள்ளைதான். அந்தப் பதில் வரும் என்று தெரிந்தே நிறையப் பேர் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

அடியாத மாடு

பாலியல் தொந்தரவு மட்டும்தான் துன்புறுத்தல் என்று நினைத்தால் மீதி எல்லாம் தப்பித்துவிடும். பிரம்படி, கன்னத்தில் அறை, தோற்றதற்குத் தண்டனையாக வெயிலில் இருபது ரவுண்டு, "எருமை மாதிரி இருக்கே, எப்படி ஓடுவே" என்று எல்லோர் முன்னாலும் கேலி. இதையெல்லாம் நாம் கண்டிப்பு என்று பெயர் வைத்துக் கொண்டாடுகிறோம். அடியாத மாடு படியாதாம். நம்ம சினிமாவிலும் கத்துகிற கோச்தான் ஹீரோ. கடைசி நிமிடத்தில் கோப்பையை வாங்கிவிட்டால் அதற்கு முன் விழுந்த அறை எல்லாம் பாசமாகிவிடும். கோப்பை வாங்காத பிள்ளைக்கு விழுந்த அறை என்ன ஆகிறது என்று எந்தப் படமும் காட்டுவதில்லை.

இது நம்ம ஊர் நோய் மட்டும் இல்லை. பிரிட்டனில் ஜிம்னாஸ்டிக்ஸ் பற்றி 2022 ஜூனில் வெளியான வைட் அறிக்கைக்கு 400-க்கும் மேற்பட்டோர் தகவல் கொடுத்தார்கள். பயிற்சியின்போது பிள்ளைகளுக்குச் சாப்பாடும் தண்ணீரும் மறுக்கப்பட்டது, கழிப்பறைக்குக்கூட விடவில்லை என்றெல்லாம் அதில் வந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 15 வயது கமிலா வலியேவா ஊக்கமருந்து சர்ச்சைக்கு நடுவே பனிச்சறுக்கு அரங்கில் விழுந்து விழுந்து எழுந்தார். வெளியே வந்தவரை அணைப்பதற்கு முன்னால் பயிற்சியாளர் கேள்வி கேட்டதை உலகமே நேரலையில் பார்த்தது. சில மாதங்களில் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம், சீனியர் போட்டிகளுக்கான குறைந்தபட்ச வயதை 15-லிருந்து படிப்படியாக 17 ஆக உயர்த்த முடிவு செய்தது.

நம்ம நாட்டில் இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 2006-ல் ஒடிசாவின் புதியா சிங், பூரியிலிருந்து புவனேஸ்வர் வரை 65 கிலோமீட்டர் ஓடினான். வயசு நாலு. நாடே கைதட்டியது. பிறகு அரசு தலையிட்டு நெடுந்தூர ஓட்டத்துக்குத் தடை போட்டது. அப்போது அரசைத் திட்டியவர்களும் நிறைய. இன்றைக்கு நம்ம பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவது ஒரு மண்டபத்துக்குப் போய்ப் பாருங்கள். 'உலக சாதனை' பேனர் கட்டி, ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் பானை மேல் நின்று மணிக்கணக்கில் சிலம்பம் சுற்றிக்கொண்டிருப்பார்கள். சான்றிதழ் கொடுப்பது பணம் வாங்கும் ஏதோ ஒரு தனியார் புத்தகம். சிலம்பம் அருமையான கலை. ஆனால் மூன்று மணி நேரம் இடைவிடாமல் சுற்றும் தோள்பட்டை ஒரு குழந்தையுடையது. வீடியோவுக்கு லைக் குவியும். தோள்பட்டையைப் பற்றி யாரும் கமென்ட் போடுவதில்லை.

முட்டி வலிக்குது சார்

2022 நவம்பர் 15. சென்னையைச் சேர்ந்த 17 வயது கால்பந்து வீராங்கனை பிரியா ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இறந்தார். ராணி மேரி கல்லூரி மாணவி. முட்டியில் லிகமென்ட் காயம். பெரியார் நகர் அரசு மருத்துவமனையில் நுண்துளை அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு காலில் போட்ட இறுக்கமான கட்டால் ரத்த ஓட்டம் தடைபட்டது. காலை எடுக்க வேண்டி வந்தது. அப்பவும் உயிரைக் காப்பாற்ற முடியவில்லை. இரண்டு மருத்துவர்கள் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள். அரசு 10 லட்சம் ரூபாய் நிவாரணம் கொடுத்தது.

அது மருத்துவத் தவறு. பயிற்சியாளர்களுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இருந்தாலும் இங்கே ஏன் சொல்கிறேன் என்றால், நாம் அந்தக் கதையை அறுவை சிகிச்சையிலிருந்துதான் தொடங்கினோம். ஒரு 17 வயதுப் பெண்ணின் லிகமென்ட் கிழிவதையும், அதற்கு அவள் கத்திக்குப் போவதையும் விளையாட்டின் சாதாரண விஷயமாக எடுத்துக்கொண்டோம்.

கால்பந்து, கபடி, கூடைப்பந்து ஆடும் பெண்களுக்கு முட்டி லிகமென்ட் கிழியும் ஆபத்து ஆண்களைவிட அதிகம் என்பது மருத்துவ உலகில் பல காலமாகத் தெரிந்த விஷயம். அதைக் குறைக்க வழியும் தெரியும். செலவும் இல்லை. 'ஃபிஃபா 11+' என்று ஒரு வார்ம்-அப் இருக்கிறது. சுமார் 20 நிமிடம். குதித்துச் சரியாகத் தரையிறங்குவது, ஒற்றைக் காலில் சமநிலை, தொடைப் பின்தசை பலம், இப்படிச் சில பயிற்சிகள். நார்வேயில் 13 முதல் 17 வயது வரையிலான சுமார் 1,900 பெண்களிடம் இதைச் சோதித்து, 2008-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவுகளை வெளியிட்டார்கள். காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. யூடியூபில் தேடினால் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் ஊர் மைதானத்தில் இதைச் செய்கிறார்களா, இல்லை ரெண்டு ரவுண்டு ஓடிட்டு நேரா மேட்சா? ஒரு நாள் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இன்னொரு கணக்கும் உண்டு. அமெரிக்காவில் நீரு ஜெயந்தி என்ற மருத்துவரின் குழு ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளம் வீரர்களை ஆராய்ந்து 2015-ல் ஒன்றைச் சொன்னது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பயிற்சி என்ற எண் பிள்ளையின் வயதைத் தாண்டினால், உடலின் மீது ஓயாமல் விழும் சுமையால் வரும் கடுமையான காயங்கள் அதிகமாகின்றன. 12 வயது என்றால் வாரத்துக்கு 12 மணி நேரம். காலையில் இரண்டு மணி, மாலையில் இரண்டு மணி, வாரம் ஆறு நாள் என்று பயிற்சி எடுக்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அது 24. கூட்டிப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டாம்.

சாப்பாட்டுக்கு வருவோம். தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு. இந்த உடம்பைத்தான் நாம் விடியற்காலை ஐந்து மணிக்கு டிராக்கில் இறக்குகிறோம். போதுமான அளவு சாப்பிடாமல் கடுமையாகப் பயிற்சி எடுத்தால் மாதவிடாய் நின்றுபோகும், எலும்பு பலமிழக்கும். இதை 2014-லேயே சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி தனி உடல்நலப் பிரச்சினையாகப் பெயரிட்டு எச்சரித்தது. ஆனால் நம்ம ஊரில் மூன்று மாதமாக பீரியட்ஸ் வரலை என்று ஒரு பொண்ணு யாரிடம் சொல்வாள்? கோச் ஆண். சில இடங்களில் "பீரியட்ஸ் நின்னா நல்லதுதானே, போட்டிக்குத் தொந்தரவு இல்லை" என்று பேசிக்கொள்வதையும் கேட்டிருக்கிறேன். அது நல்லது இல்லை. எலும்பு முறிவுக்கு முன்னால் உடம்பு அடிக்கும் மணி அது.

எடைப்பிரிவு உள்ள விளையாட்டுகள் இன்னொரு தலைவலி. 2024 ஆகஸ்டில் பாரிஸில் வினேஷ் போகத் 100 கிராமில் இறுதிப்போட்டியை இழந்தபோது, எடை குறைக்க ஒரு இரவு முழுக்க என்னென்ன செய்தார்கள் என்று நாடே பேசியது. அவர் வளர்ந்த வீராங்கனை, கூடவே மருத்துவக் குழு இருந்தது. மாவட்டப் போட்டிக்கு முந்தின நாள் தண்ணீர் குடிக்காமல் ஸ்வெட்டர் போட்டு ஓடும் 13 வயது குத்துச்சண்டைப் பையனோடு யார் இருக்கிறார்கள்?

விடுதிக் கதவுக்குப் பின்னால்

2015 மே. கேரளத்தின் ஆலப்புழாவில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் நீர் விளையாட்டுப் பயிற்சி மையம். அங்கே தங்கிப் பயிற்சி எடுத்த நான்கு பெண்கள் தற்கொலைக்கு முயன்றார்கள். ஒருவர் இறந்தார். வயசு 15. விடுதியில் துன்புறுத்தல் இருந்தது என்று குடும்பத்தினர் குற்றம்சாட்டினார்கள். விசாரணை, அறிக்கை, கண்டனம் எல்லாம் வந்தன.

அந்த மையம் அரசு நடத்தியது. தேசிய அளவிலான மையம். நான்கு பிள்ளைகளுக்குமே தங்கள் மனநிலையைச் சொல்ல ஒரு ஆள் கிடைக்கவில்லை என்றால், கட்டடமும் சிந்தெடிக் டிராக்கும் மட்டும் போதாது என்றுதான் அர்த்தம். (மனசு கனமாக இருந்தால், டெலி மனாஸ் 14416, தமிழ்நாடு அரசின் 104, இரண்டும் 24 மணி நேரமும் இயங்கும் இலவச எண்கள். விளையாட்டுப் பிள்ளைகளுக்கும் இவை பொருந்தும்.)

சட்டம் இருக்கிறதா? இருக்கிறது

போக்சோ சட்டத்தில், நம்பிக்கைக்குரிய அல்லது அதிகாரமுள்ள இடத்தில் இருப்பவர் குற்றம் செய்தால் அது கடுமையான வகைக் குற்றம். தெரிந்தும் புகார் செய்யாமல் மறைப்பதும் குற்றம். ஒரு நிறுவனத்தின் பொறுப்பாளர், தனக்குக் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மூடி மறைத்தால் ஓராண்டு வரை சிறை. "நம்ம அகாடமி பேரு கெட்டுடும், உள்ளேயே பேசி முடிச்சுக்கலாம்" என்று பஞ்சாயத்து பேசுபவர்கள் இதைப் படித்துவைப்பது நல்லது.

அடிப்பதற்கு? பள்ளியில் என்றால் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு தடுக்கிறது. அகாடமி பள்ளி இல்லையே என்று தப்பிக்கவும் முடியாது. குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் எவரும் அதை அடித்துத் துன்புறுத்தினால் 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 75-வது பிரிவில் மூன்றாண்டு வரை சிறைக்கு இடம் உண்டு.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டத்தை நிறைவேற்றியது. பெண்களுக்கும் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கும் 'பாதுகாப்பான விளையாட்டு' கொள்கை வேண்டும் என்கிறது. வரவேற்கலாம். ஆனால் அந்தச் சட்டத்தின் பார்வை தேசிய அமைப்புகள் மீது. டெல்லியில் எழுதும் கொள்கை மாநிலச் சங்கம், மாவட்டச் சங்கம் என்று இறங்கி திண்டிவனத்தில் ஒரு பள்ளி மைதானத்தை வாடகைக்கு எடுத்து நடத்தும் அகாடமிக்கு எப்போது வந்து சேரும்? மல்யுத்த வீராங்கனைகள் தெருவில் உட்கார்ந்த 2023-லேயே, பல தேசியக் கூட்டமைப்புகளில் சட்டப்படி இருக்க வேண்டிய உள்புகார் குழுவே சரியாக இல்லை என்று தெரியவந்து, தேசிய மனித உரிமை ஆணையம் நோட்டீஸ் அனுப்ப வேண்டி வந்தது. மேலேயே அந்த நிலைமை.

மெடல் வராதே?

இதையெல்லாம் பேசினால் உடனே வரும் பதில்: "இப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்தா மெடல் எப்படி வரும்?"

நார்வேயைப் பாருங்கள். ஐம்பது லட்சத்துக்குக் கொஞ்சம் அதிகமான மக்கள்தொகை. நம்ம சென்னையைவிடச் சின்ன நாடு. அங்கே குழந்தைகளின் விளையாட்டு உரிமைகள் என்று எழுதப்பட்ட விதிகளே இருக்கின்றன. 13 வயதாகும் ஆண்டுக்கு முன் தேசிய சாம்பியன்ஷிப் கிடையாது. சின்னப் பிள்ளைகளுக்கு ரேங்க் பட்டியல் கிடையாது. எந்த விளையாட்டு, எவ்வளவு பயிற்சி என்பதில் பிள்ளைக்கே குரல் உண்டு. இதே நாடுதான் 2022 குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் வாங்கி முதலிடத்தில் நின்றது. பனி அவர்களுக்குப் பழக்கம், பணமும் இருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பிள்ளைகளை வதைக்காமலேயே மெடல் வரும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஜப்பான் இன்னும் சுவாரஸ்யம். ஜூடோ பிறந்த மண். அங்கே ஜூடோ கூட்டமைப்பு 2022-ல் தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கான தேசியப் போட்டியையே நிறுத்திவிட்டது. காரணம், சின்னப் பிள்ளைகளைப் பெரியவர்கள் வெற்றி வெறியில் எடை குறைக்க வைக்கிறார்கள், திட்டுகிறார்கள் என்பதுதான். தாங்களே வளர்த்த போட்டியைத் தாங்களே நிறுத்த எவ்வளவு தைரியம் வேண்டும்!

கோச்சின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு

நம்ம ஊர்ப் பயிற்சியாளர்களில் பெரும்பாலானவர்கள் வில்லன்கள் இல்லை. சம்பளம் ஒழுங்காக வராது. தன் பைக் பெட்ரோல், தன் காசில் வாழைப்பழம், முட்டை. பிள்ளைகளைப் போட்டிக்கு அழைத்துப்போக ரயிலில் அன்ரிசர்வ்டு பெட்டியில் கழிவறைப் பக்கம் உட்கார்ந்து போனவர்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் இந்தியப் பெண்கள் கபடி அணி ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வாங்கியபோது, துணைக் கேப்டன் கார்த்திகா கண்ணகி நகர்ப் பெண் என்று நாம் எல்லோரும் ஸ்டேட்டஸ் வைத்தோம். அந்தப் பகுதியில் பெண் பிள்ளைகளை வீட்டிலிருந்து வெளியே கொண்டுவந்து கபடி சொல்லித்தந்த உள்ளூர்ப் பயிற்சி இல்லாமல் அந்தத் தங்கம் இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், கோச்சின் தலையிலிருந்து சுமையை இறக்குங்கள். மாவட்டத்துக்கு ஒரு ஃபிசியோ, வாரத்தில் இரண்டு நாளாவது மைதானத்துக்கு வரட்டும். பெண் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் ஒரு பெண் பொறுப்பாளர் கட்டாயம் இருக்கட்டும். மசாஜ், அளவெடுப்பு, எடை பார்ப்பது எதுவும் மூடிய அறையில், தனியாக வேண்டாம். இன்னொரு பெரியவர் கண்ணில் படும்படி நடக்கட்டும். இது கோச்சுக்கும் பாதுகாப்புதானே? பொய்ப் புகார் வந்துவிடுமோ என்று பயப்படுபவர்கள்தான் இந்த விதியை முதலில் கேட்க வேண்டும். காயத்திலிருந்து மீண்டும் ஆடலாமா என்று சொல்லும் உரிமை மருத்துவரிடம் போகட்டும். முக்கியமாக, சான்றிதழ். போட்டி முடிந்த அன்றே முடிவுகள் இணையத்தில் ஏறி, பிள்ளை தானே தரவிறக்கிக்கொள்ளும்படி வந்துவிட்டால், ஒரு கையெழுத்துக்காக யார் காலையும் பிடிக்க வேண்டியதில்லை. ஆதாரை, ரேஷன் கார்டை எல்லாம் செல்போனுக்குக் கொண்டுவந்த நாட்டில் இது ஒன்றும் பெரிய தொழில்நுட்பம் இல்லை.

தனியார் அகாடமிகளுக்கு மாவட்ட அளவில் ஒரு பதிவேடு வேண்டும். யார் நடத்துகிறார், என்ன தகுதி, காவல் துறை சரிபார்ப்பு நடந்ததா, முதலுதவிப் பெட்டி இருக்கிறதா, இவ்வளவு போதும். 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் விளையாட்டை நடத்தி, 38 தங்கத்தோடு இரண்டாம் இடம் பிடித்த மாநிலம் நாம். அந்தப் போட்டிக்குச் செலவழித்த முனைப்பில் ஒரு துளி போதும்.

அதுவரை பெற்றோரும் அண்ணன் அக்காமாரும் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. இதைப் படிக்கும் உங்களில் பலர் ஊரில் படிக்கும் தம்பி தங்கைக்கு ஷூ வாங்க ஜிபே செய்பவர்கள்தான். ஷூவோடு சேர்த்து ஒரு ஃபோன் காலும் போடுங்கள். "மெடல் வாங்கினியா" என்பதற்கு முன்னால் "நல்லா தூங்குறியா, எங்கேயாவது வலிக்குதா, கிரவுண்டுல யாரைப் பார்த்தா பயமா இருக்கு" என்று கேளுங்கள். அவள் ஏதாவது சொன்னால், விளையாட்டை நிறுத்தச் சொல்லாதீர்கள். ஆளை மாற்றுங்கள், மைதானத்தை மாற்றுங்கள், தேவைப்பட்டால் 1098-க்கு அழையுங்கள். அது குழந்தைகளுக்கான உதவி எண். பயிற்சியைப் பெற்றோர் வந்து பார்க்கக் கூடாது என்று ஒரு அகாடமி சொன்னால், அங்கே சேர்க்காதீர்கள். காரணம் கேட்கக்கூட வேண்டாம்.

விடுதிச் சேர்க்கைக்கான தேர்வு வழக்கமாகக் கோடை விடுமுறையில் வரும். பிறப்புச் சான்றிதழ், பள்ளியில் வாங்கிய கடிதம், பாஸ்போர்ட் அளவு படம் எல்லாம் ஃபைலில் போட்டு விழுப்புரம் மைதானத்து வெயிலில் அப்பா அம்மாக்கள் காத்திருப்பார்கள். நூறு மீட்டர் எத்தனை விநாடி, உயரம் எத்தனை சென்டிமீட்டர் என்று பிள்ளையை அளப்பார்கள். அந்த வரிசையில் நிற்கும்போதே, அங்கிருக்கும் அதிகாரியிடம் இரண்டு கேள்வி கேட்கலாம். என் பொண்ணுக்கு அடிபட்டா பார்க்கப்போறது யாரு? கோச் மேலேயே ஒரு பிரச்சினைன்னா அவ யார்கிட்ட சொல்லணும், அந்த ஆளோட நம்பர் என்ன?